வெள்ளை இறகுக் காக்கையும் ஒரு 8×42 பைனாகுலரும்

வாங்கலாமா என்று மட்டும் கேட்பவர்களுக்கு: வாங்கலாம். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வரும் 8×42 பைனாகுலர், வீட்டுக் கொல்லைக்கு வரும் பறவைகளைப் பார்க்க நன்றாகவே போதும். ஆனால் நான் வாங்கிய காரணம் கொஞ்சம் வேறு, சோதித்துப் பார்த்த விதமும் வேறு. பறவை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அதன் நிறம் இருக்கிறபடி தெரிகிறதா, அதிலும் கண், அலகு, கால் மூன்றின் நிறமும் உண்மையாகத் தெரிகிறதா என்பதைத்தான் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய காக்கை வெள்ளை இறகோடும், பழுப்பாக இருக்க வேண்டிய மைனா சந்தன நிறத்திலும் வந்து நின்றால், ஏன் அப்படி என்பதற்குப் பாதி விடைதான் இறகில் கிடைக்கும். மீதி அந்த மூன்றில் இருக்கிறது. கம்பெனிப் பெயரைப் போடவில்லை. இந்த விலையில் பல கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி அமைப்பில்தான் விற்கிறார்கள், மாடல்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்தால் எந்தக் கம்பெனியிலும் நல்லதைப் பொறுக்கிவிடலாம்.

எங்கள் வீட்டில் காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பாடு. கொல்லை மதில் மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தால் கூட்டமாக வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் இரண்டு சிறகிலும் வெள்ளைப் பட்டை ஓடும் ஒரு காக்கை வரத் தொடங்கியது. உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, எழும்பிப் பறக்கையில் சிறகு விரிந்தால் பளிச்சென்று தெரியும். வாய் கூசாமல் புளுகுகிறவனைத்தான் நம் ஊரில் 'வெள்ளைக் காக்கா பறக்குதுங்கிறான்' என்பார்கள், அதனால் நான் சொன்னதை யாரும் லேசில் நம்பவில்லை. போனில் எடுத்த படத்தைக் காட்டியும் பயனில்லை. போன் கேமரா கறுப்புப் பறவையை மொத்தமாகக் கரியாக்கிவிடும், வெள்ளைப் பகுதியை வெறும் வெளிச்சமாக்கிவிடும், ஜூம் செய்தால் எல்லாம் திட்டுத்திட்டாக உடைந்துபோகும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் நேரில் வந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுப் பெரியவங்க யாரோ வந்திருக்காங்கடி, ஒரு பிடி கூடவே வை" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் கூட ஒரு பிடி வைப்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த இறகு ஏன் வெளுத்தது என்று தெரிய வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

கடையில் நடந்ததைச் சொன்னால் வாங்கப் போகிற உங்களுக்கு உதவும். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 20×50. "இருபது மடங்கு தெரியும் மேடம், எட்டை வச்சு என்ன பண்ணுவீங்க" என்றார். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இருபது மடங்கு பெரிதாகும்போது நம் கை நடுக்கமும் இருபது மடங்கு பெரிதாகும், ஸ்டாண்டு இல்லாமல் பறவையின் கண் நிறத்தை அதில் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. பார்வை வட்டமும் சின்னதாகிவிடும். கொல்லையில் கிளைக்குக் கிளை தாவும் தேன்சிட்டை அந்தச் சின்ன வட்டத்துக்குள் கொண்டுவருவதற்குள் அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அப்புறம் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது: இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 20×50-க்கு 2.5 மில்லிமீட்டர், 8×42-க்கு 5.25. பறவைகள் அதிகம் வருவது விடிகாலையிலும் பொழுது சாயும்போதும். அந்த மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணின் பாப்பா விரிந்திருக்கும், அதற்கு 2.5 போதாது. நிறம் செத்துப்போய் எல்லாப் பறவையும் சாம்பலாகத்தான் தெரியும்.

அடுத்து அவர் காட்டியது முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பாக மின்னும் ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இந்தச் சிவப்புப் பூச்சு போட்ட பைனாகுலரைப் பறவை பார்க்க வாங்கவே வாங்காதீர்கள். லென்ஸ் சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பு ஒளியை அது வெளியே திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம், உள்ளே வரும் காட்சியில் சிவப்பு குறைந்து எல்லாம் நீலப்பச்சையாகத் தெரியும். சின்னானின் வாலடிச் சிவப்பு மங்கிவிடும், வெளிறிய பறவையின் கால் இளஞ்சிவப்பா சாம்பலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிறத்தைப் பார்க்க என்றே வாங்கும் பொருளில் நிறத்தைத் தின்னும் பூச்சு எதற்கு? ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு 60×60 என்றும் இரவிலும் தெரியும் என்றும் போட்டு விற்பதெல்லாம் இந்தப் பக்கமே வர வேண்டாம், அந்த எண்களுக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

நான் வாங்கியதைத் தேர்ந்தெடுத்தது இரண்டு சோதனைகளை வைத்து. இரண்டையும் கடையிலேயே செய்யலாம். ஒன்று, பைனாகுலரைக் கண்ணில் வைக்காமல் ஓரடி தள்ளிப் பிடித்து, வெளிச்சமான பக்கம் திருப்பி, கண் வைக்கும் லென்ஸில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக, ஓரம் வரை ஒரே வெளிச்சமாக இருந்தால் உள்ளே இருக்கும் முப்பட்டகக் கண்ணாடி நல்ல ரகம், பெட்டியில் பேக்-4 என்று போட்டிருப்பார்கள். வட்டத்தின் ஓரங்கள் வெட்டினாற்போல் சதுரித்து, சாம்பல் நிழல் அடித்தால் அது மட்டமான பிகே-7 ரகம். இரண்டாவது சோதனை எனக்கு இன்னும் முக்கியம். ஒரு வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் வைத்துவிட்டு, பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து முன் லென்ஸ் வழியாகத் தாளைப் பாருங்கள், கூடவே வெறும் கண்ணாலும் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா, மஞ்சள் பூசினாற்போல இருக்கிறதா, பச்சை அடிக்கிறதா? நான் வாங்கியதில் மிக லேசாக மஞ்சள் சாயல் இருக்கிறது. மற்றவற்றை ஒப்பிட்டால் இதுதான் குறைவு. இந்தச் சாயல் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு, ஏனென்றால் வெண்மையையும் சந்தன வெளிறலையும் பிரித்தறிவதில்தான் விஷயமே இருக்கிறது.

சரி, காக்கைக்கு வருவோம். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து மதிலைப் பார்த்தால், வட்டத்துக்குள் காக்கை முழுசாக வந்து நிற்கிறது. அலகு நல்ல கறுப்பு. கால் கறுப்பு. கண்ணும் கரும்பழுப்பு, மற்றக் காக்கைகளுக்கு இருப்பது போலவே. கழுத்தில் வழக்கமான சாம்பல் அப்படியே இருந்தது. வெளுத்திருந்தது பறக்கும் பெரிய இறகுகள் மட்டும்தான், அதுவும் முழு இறகு இல்லை. நடுவில் வெள்ளை, நுனியில் கறுப்பு, பக்கத்துப் பக்கத்து இறகுகளிலும் அதே அளவில் வரிசையாக வந்ததால் சேர்ந்து ஒரு பட்டையாகத் தெரிந்தது. வெள்ளைப் பகுதியின் ஓரங்கள் பிசிர் பிசிராகத் தேய்ந்திருந்ததையும் இதில் தெளிவாகப் பார்க்க முடிந்தது. மெலனின் என்ற கறுப்பு நிறமி இறகுக்கு நிறத்தோடு வலுவையும் கொடுக்கிறது, அது இல்லாத இறகு சீக்கிரம் தேயும். கடலோரம் வாழும் எத்தனையோ வெள்ளைப் பறவைகளுக்குச் சிறகு நுனி மட்டும் கறுப்பாக இருப்பது ஞாபகம் வந்தது.

இங்கேதான் அலகும் காலும் கண்ணும் வேலைக்கு வருகின்றன. வெள்ளையாக ஒரு பறவையைக் கண்டால் பத்திரிகைகளில் உடனே 'அல்பினோ' என்று போட்டுவிடுகிறார்கள். அல்பினோ என்றால் மெலனினைத் தயாரிக்கத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியே வேலை செய்யாத நிலை, உடம்பில் எங்குமே மெலனின் இருக்காது. இறகு மட்டும் இல்லை, தோல், அலகு, கால் எல்லாம் வெளிறியிருக்கும், கண்ணில் நிறமி இல்லாமல் உள்ளே ஓடும் ரத்தம் தெரிவதால் கண் சிவந்திருக்கும். அந்தக் கண்ணுக்கு வெயிலும் தாங்காது, தூரத்தைக் கணிப்பதும் சரியாக வராது, அதனால் உண்மையான அல்பினோக் குஞ்சுகள் பெரும்பாலும் வளர்ந்து ஆளாவதே இல்லை. பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்றால் அது அல்பினோ இல்லவே இல்லை. 'பகுதி அல்பினோ' என்று எழுதுகிறார்களே, அப்படி ஒன்று கிடையாது.

லூசிசம் என்பது வேறு. அதில் மெலனினைத் தயாரிக்கும் செல்கள் வேலை செய்யத் தெரிந்தவைதான், ஆனால் கரு வளரும்போது அவை தோலின் சில பகுதிகளுக்கோ மொத்தத் தோலுக்கோ போய்ச் சேர்வதில்லை. போய்ச் சேராத இடத்தில் இறகு வெள்ளை, தோலும் இளஞ்சிவப்பு. கண்ணின் நிறமி உருவாகும் வழியே தனி என்பதால், உடம்பு முழுக்க வெள்ளையாக இருந்தாலும் கண் கறுத்தே இருக்கும். பிறவியிலேயே வருவது, பறவை சாகும் வரை அதே இடத்தில் அதே அளவில் இருக்கும். மூன்றாவதாக, வயது ஏற ஏற வெளுப்பது. முதலில் சாதாரண நிறத்தில் இருந்த பறவைக்கு ஒவ்வொரு முறை இறகு உதிர்த்து முளைக்கும்போதும் வெள்ளை இறகு கூடிக்கொண்டே போகும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரிப்பு டிரிங் என்ற ஊரில் இருக்கிறது, அங்கே பொறுப்பாளராக இருக்கும் ஹெய்ன் வான் குரோவ் ஆயிரக்கணக்கான பறவைத் தோல்களைப் பார்த்து இந்தக் குழப்பங்களை வரிசைப்படுத்தியவர். நாம் லூசிசம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் பறவைகளில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகைதான் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்வது.

எங்கள் காக்கை இந்த மூன்றிலும் சேரவில்லை. அலகும் காலும் கறுப்பு, வெள்ளை பறக்கும் இறகில் மட்டும், அதுவும் பட்டையாக, நுனி கறுப்பாக. இந்த அமைப்புக்கு நான்காவது ஒரு காரணம் இருக்கிறது, சத்துக் குறைவு. இறகு வளர்கிற காலத்தில் லைசின் போன்ற அமினோ அமிலம் போதாமல் போனால் நிறமி இறகுக்குள் சரியாகப் படியாது, அந்த நாட்களில் வளர்ந்த பகுதி மட்டும் வெளுத்துவிடும். குஞ்சுப் பருவத்தில் பெரிய இறகுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வளர்வதால் ஒரே உயரத்தில் பட்டை விழுகிறது. ஐரோப்பாவில் ஊருக்குள் வாழும் காக்கைகளில், அதுவும் இளம் காக்கைகளில் இதை அதிகம் பார்க்கிறார்கள். இது மரபணுச் சமாச்சாரம் இல்லை என்பதால், நல்ல தீனி கிடைத்தால் அடுத்த முறை முளைக்கும் இறகு கறுப்பாகவே வரும். எங்கள் காக்கைக்கும் மழைக்காலத்தை ஒட்டி இறகு மாறியபோது புது இறகுகள் ஒவ்வொன்றாகக் கறுப்பாகவே இறங்கின. கொஞ்ச நாள் ஒரே சிறகில் பழைய வெள்ளைப் பட்டை இறகும் புதுக் கறுப்பு இறகும் கலந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இது போதாதா பைனாகுலர் வாங்கியதற்கு!

மைனா விஷயத்தில்தான் இந்தப் பைனாகுலரின் எல்லை தெரிந்தது. கூட்டமாக மேயும் மைனாக்களில் ஒன்று மற்றவற்றைவிட வெளிறி, தலையில் கறுப்புக்குப் பதில் காப்பிப் பொடி நிறமாக இருந்தது. இப்படி நிறம் வெளிறுவதற்கே பல வகை உண்டு. மெலனினின் அளவு குறைந்து எல்லாம் மங்குவது ஒன்று. மெலனின் முழுசாக முற்றாமல் கறுப்பு பழுப்பாகவே நின்றுவிடுவது இன்னொன்று, இதற்குப் பழுப்புப் பிறழ்வு என்று பெயர். இந்தப் பழுப்பு வெயில் பட்டால் வேகமாக வெளுக்கும், அதனால் உதிர்க்கப் போகிற பழைய இறகு கிட்டத்தட்ட வெள்ளையாகி, ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிழலில் மறைந்திருந்த பகுதி மட்டும் பழுப்பாக மிஞ்சும். சிறகை விரித்துக் கோதும்போது அந்த மறைவான பகுதியைப் பார்க்க முடிந்தால் விடை கிடைத்துவிடும். பறவைகளில் ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ள இசட் குரோமோசோம் பெட்டைக்கு ஒன்றுதான், சேவலுக்கு இரண்டு. இந்தப் பிறழ்வு அந்த இசட்டில் உட்கார்ந்திருப்பதால் பெட்டைக்கு ஒரு பிரதி இருந்தாலே போதும், வெளியே தெரிந்துவிடும். ஆக, இப்படி ஒரு பழுப்புப் பறவையைப் பார்த்தால் அது பெட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மைனாவில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும், வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாத பறவையில் நிறப் பிறழ்வு வந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது!

மஞ்சள் சாயல் அடிக்கும் கண்ணாடியில் இந்த நுணுக்கத்தைப் பார்ப்பது கஷ்டம். காலை பத்து மணிக்கு நல்ல வெயிலில், மைனா நிழலில் இல்லாமல் திறந்த மண்ணில் நின்றபோது பிரித்தறிய முடிந்தது, சாயங்கால மஞ்சள் வெயிலில் முடியவில்லை. இன்னும் விலை கூடிய ரகத்தில், ஒளியின் நிறங்கள் பிரிந்து ஓரத்தில் கோடாகத் தெரிவதைக் குறைக்கும் ஈடி என்ற கண்ணாடியைப் போடுகிறார்கள். அதில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. என்னுடையதில் பளிச்சென்ற வானத்துக்கு எதிரே கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானைப் பார்த்தால் உடம்பைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக மெல்லிய கோடு ஓடும். வானத்துக்கு எதிரே பார்த்து ஒரு பறவையின் இறகு ஓரம் வேறு நிறம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மரத்தின் பசுமையோ மண்ணோ பின்னால் இருக்கும்படி நாம் நகர்ந்து உட்கார்ந்தால் கோடு மறைந்துவிடும்.

மைனா பற்றி இன்னொன்று. தலையில் ஒரு இறகும் இல்லாமல் மஞ்சள் தோல் தெரிய வரும் மைனாக்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது நிறப் பிறழ்வு இல்லை, இறகு உதிர்ந்த தோல்தான். பைனாகுலரில் பார்த்தால் சந்தேகமே வராது, தோல் சுருக்கமும் காதுத் துளையும் கூடத் தெரியும்.

சின்னானை எங்கள் ஊரில் பலர் கொண்டைக்குருவி என்பார்கள், வாலடியில் குங்குமம் வைத்தாற்போல் சிவப்பு இருக்குமே அது. இந்தப் பறவையில் வெள்ளைப் பிறழ்வு வந்தால் பார்க்கக் கண் கோடி வேண்டும், உடம்பு முழுக்க வெளுத்தாலும் வாலடிச் சிவப்பு அப்படியே இருக்கும். காரணம், அந்தச் சிவப்பு மெலனின் இல்லை, தின்னும் பழங்களிலிருந்து வரும் கரோட்டினாய்டு என்ற வேறு வகை நிறமி. மெலனின் வழி அடைபட்டாலும் கரோட்டினாய்டு வழி திறந்தே இருக்கிறது. வெள்ளை மைனாவுக்கு மஞ்சள் அலகு மிஞ்சுவதும் இதனால்தான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களுக்குத் தினமும் வரும் கார்டினல் என்ற பறவையில் ஆண் நல்ல சிவப்பு. 2018-இல் அலபாமா மாநிலத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு மஞ்சளாகவே ஒரு ஆண் கார்டினல் வந்து ஊரே பேசியது. தீனியில் கிடைப்பது மஞ்சள் கரோட்டினாய்டுதான், அதைச் சிவப்பாக மாற்றுவது பறவையின் உடம்பில் இருக்கும் ஒரு நொதி. அந்த நொதி வேலை செய்யாவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இறகில் ஏறிவிடும். அதே நாட்டில் வாலின் நுனி மஞ்சளாக இருக்க வேண்டிய சீடார் மெழுகுச்சிறகி என்ற பறவைக்கு ஆரஞ்சு நுனி வர ஆரம்பித்தது. தோட்டத்துக்கு என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த ஹனிசக்கிள் செடியின் பழத்தை இறகு வளரும் சமயத்தில் தின்றதால் வந்த நிறம் அது. தோட்டத்தில் நாம் வைக்கும் செடி பறவையின் வாலில் போய்த் தெரிகிறது!

பச்சைக்கிளிக்கு வேறு கணக்கு. அதன் பச்சையில் பச்சை நிறமியே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு நீல ஒளியைச் சிதறடிக்கிறது, அதன் மேல் கிளி இனத்துக்கே உரிய ஒரு மஞ்சள் நிறமி, இரண்டும் சேர்ந்து பச்சை. மஞ்சள் நிறமி இல்லாமல் பிறந்தால் நீலக்கிளி. அடியில் கறுப்பு மெலனின் இல்லாமல் போனால் நீலம் எழும்பாது, வெறும் மஞ்சள் கிளி. மஞ்சள் கிளியைக் கண்டால் கண் சிவப்பா என்று பாருங்கள், 8×42-இல் பத்து மீட்டர் தூரத்தில் அது தெரியும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இப்படி ஒரு கிளியைப் பார்த்தால் எந்த மரம், எந்தத் தெரு என்று பொதுவில் போடாதீர்கள், பிடித்து விற்க ஆள் வந்துவிடும். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பைனாகுலர் கையில் வந்த புதிதில் எல்லாமே பிறழ்வாகத் தெரியும். கறுப்புத் திட்டும் பழுப்புப் புள்ளியும் கலந்து நிற்பது இறகு மாற்றிக்கொண்டிருக்கும் இளம் ஆண் குயில். தலையும் மார்பும் ஆரஞ்சாக நிற்கும் கொக்கு, இனப்பெருக்கக் கோலம் பூண்ட உண்ணிக்கொக்கு. நெற்றி மட்டும் மஞ்சளாக ஒரு தேன்சிட்டு வந்தால் அது மகரந்தம், குளித்தால் போய்விடும். வாழைப்பூவில் தலையை விட்டு எடுக்கும்போது பாருங்கள், தெரியும். இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நிஜமான விசித்திரம்.

குறைகளுக்கு வருகிறேன். ஃபோகஸ் வீல் புதிதில் இறுக்கமாக இருந்தது, கொஞ்ச நாளில் இளகிவிட்டது. கூட வந்த பட்டை கழுத்தை அறுக்கிறது. கிட்டத்தட்ட 650 கிராம் எடை, அரைமணி நேரம் கழுத்தில் தொங்கினால் வலி வரும். தோள் இரண்டிலும் மாட்டும் வார்ப்பட்டை தனியாக வாங்கிக்கொண்டேன், அதைப் பெட்டியிலேயே கொடுத்திருக்கலாம். முன் லென்ஸ் மூடிகள் தாமாகக் கழன்று விழுகின்றன. வட்டத்தின் ஓரத்தில் காட்சி கலங்கல், நடுவில் மட்டும்தான் கூர்மை, பறவையை நடுவில் வைத்துப் பார்ப்பதால் எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஐ ரிலீஃப் என்ற எண், அதாவது லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழு வட்டம் தெரியும் என்ற தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வட்டம் முழுசாகத் தெரியாது. என்னுடையது 17-ஐ ஒட்டி, கண் பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுக் கண்ணாடியோடு பார்க்கிறேன், பிரச்சினை இல்லை. கொல்லைக்கு வாங்குகிறவர்கள் இன்னொரு எண்ணையும் கேளுங்கள், எவ்வளவு கிட்டத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்யும் என்று. பழைய பாணி 10×50-களில் ஐந்தாறு மீட்டருக்கு உள்ளே இருப்பது தெளியாது. இதில் இரண்டு மீட்டர் வரை தெளிகிறது, கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் குடிக்கும் தவிட்டுக்குருவியின் கண்ணைச் சுற்றிய வளையம் வரைக்கும் தெரிகிறது.

வாங்கியதும் வலது கண் பக்கம் இருக்கும் டயாப்டர் வளையத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள், பலர் இதைச் செய்யாமலே 'கலங்கலா இருக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வலது லென்ஸை மூடிக்கொண்டு இடது கண்ணால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து ஃபோகஸ் வீலைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும், பிறகு இடதை மூடிக்கொண்டு வீலைத் தொடாமல் இந்த வளையத்தை மட்டும் திருப்பி வலதுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும்.

பறவையின் இனத்திலேயே சந்தேகம் வந்தால், அதாவது முழுசாக வெளுத்துப்போய் இது என்ன பறவை என்றே புரியாவிட்டால், காதைத் தீட்டுங்கள். இறகு வெளுத்தாலும் குரல் வெளுப்பதில்லை. கார்னெல் பறவை ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசம், அதில் ஒலியைக் கேட்டு இனத்தைச் சொல்லும் வசதி இருக்கிறது, இந்த வேலைக்கு எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். உருவ அளவு, வால் நீளம், எந்தக் கூட்டத்தோடு வந்தது, நடக்கிறதா தத்துகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முடிவுக்கு வந்துவிடலாம். பார்த்ததை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் பதியும்போது 'வெள்ளைக் காகம்' என்று மட்டும் எழுதாமல், எந்த இறகு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா, கண், அலகு, கால் என்ன நிறம் என்று குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள், பிறகு படிக்கிறவர் காரணத்தை ஊகிக்க அதுதான் உதவும். தை மாதம் தமிழ்நாட்டில் 2015-லிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் சேர பதினைந்து நிமிடம் நின்று வீட்டுக் கொல்லையில் எண்ணினாலே போதும். அவரவர் வீட்டுக் காக்கையை அன்றாடம் பார்க்கிறவர்களைவிட அதன் இறகு மாறுவதை வேறு யார் கவனித்துச் சொல்ல முடியும்? ஒரே பறவையை வருஷம் முழுக்கப் பார்ப்பது கொல்லைக்காரர்களுக்குத்தான் வாய்க்கும்.

பராமரிப்பில் நம் ஊர்ப் புழுக்கத்தை மனதில் வையுங்கள். நைட்ரஜன் நிரப்பி அடைத்த, தண்ணீர் புகாத ரகமாகவே வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் உள்லென்ஸில் பூஞ்சை நூல் விட்டுவிடும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வைக்கிறேன், தோல் பையிலோ பீரோவிலோ வைப்பதில்லை. லென்ஸைத் துடைக்கும் முன் தூசியை ஊதிவிட வேண்டும், புடவைத் தலைப்பால் துடைக்கவே கூடாது.

யார் வாங்க வேண்டாம்? மைனாவின் பழுப்பையும் வெளிறலையும் சந்தேகமில்லாமல் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஈடி கண்ணாடி உள்ள 8×42-க்கே போய்விடுங்கள், விலை இரண்டு மடங்கை நெருங்கும், ஆனால் கறுப்புப் பறவையைச் சுற்றிய ஊதாக் கோடு போய்விடும். படம் எடுத்துப் போடுவதுதான் ஆசை என்றால் பைனாகுலரே வேண்டாம், அந்தப் பணத்தைக் கேமராவுக்கு வையுங்கள். மற்றபடி மதிலில் காக்கைக்குச் சோறு வைக்கிற எந்த வீட்டுக்கும் இது தாராளம். நல்ல பகல் வெளிச்சத்தில் கடைக்குப் போங்கள், ஒரு வெள்ளைத் தாளை மறக்காமல் கையில் கொண்டு போங்கள், வெளியே வாசலில் நின்று பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.